ராஜினாமா மெயிலை அனுப்பும் முன்: டிஜிட்டல் மீடியாவில் வேலை மாறப் போகிறவர்களுக்கு

நான் ராஜினாமா மெயில் அனுப்பியது காலை பதினோரு மணிக்கு. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் அனலிட்டிக்ஸ் பக்கம் திறக்கவில்லை. சோஷியல் மீடியா கணக்குகளிலிருந்தும் என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். நோட்டீஸ் காலம், அதாவது ராஜினாமா செய்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. ஆனால் மூன்று வருடமாக என்ன செய்தேன் என்று அடுத்த இடத்தில் காட்டுவதற்கு என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

யார்மீதும் தப்பில்லை. பல நிறுவனங்களில் அதுதான் வழக்கம், எனக்குத்தான் தெரியவில்லை. நாம் செய்த வேலை முழுக்க அடுத்தவர் லாகினுக்குள் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டால் போச்சு. அதனால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைவிட எதற்குப் பின் எது என்பதுதான் முக்கியம். எழுதுகிறவர், வீடியோ எடிட்டர், சோஷியல் மீடியா பார்க்கிறவர், எஸ்இஓ (கூகுள் தேடலில் கட்டுரையை மேலே கொண்டுவரும் வேலை) செய்கிறவர் என்று யாராக இருந்தாலும், முதல் தடவை மாறப் போகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. பழைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரைத் தேடி எடுங்கள்

சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, பிறகு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. இப்போது பாருங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள்? அதைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ள முடியுமா? குறைப்பது உங்கள் விருப்பமா, நிறுவனத்தின் விருப்பமா? கடைசிக் கேள்விதான் பலரைக் கவிழ்ப்பது. "நிர்வாகத்தின் ஒப்புதலுடன்" என்று ஒரு சொல் இருந்தால், பணம் கட்டத் தயாராக இருந்தாலும் அவர்கள் விட்டால்தான் உண்டு.

பணம் கட்டுவது எந்தச் சம்பளத்தை வைத்து என்றும் பாருங்கள். மாதச் சம்பளம் மொத்தம் 100, அதில் அடிப்படைச் சம்பளம் 40 என்று வையுங்கள். 30 நாள் குறைத்தால் ஓர் ஒப்பந்தத்தின்படி 40 கட்ட வேண்டும், இன்னொன்றின்படி 100. எனக்கு 100 வந்தது. 40 என்று நினைத்துக்கொண்டு புது இடத்தில் சேரும் தேதியை ஒப்புக்கொண்டிருந்தேன்.

பாக்கி விடுமுறை நாட்களை நோட்டீஸில் கழித்துக்கொள்வார்களா, போனஸ் எந்த மாதம் வரும், அதைப் பெற அன்றைய தேதியில் வேலையில் இருக்க வேண்டுமா, பயிற்சிக்கோ கேமராவுக்கோ ஏதாவது பாண்ட் (உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தோமா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். போனஸ் வருவதற்குப் பத்து நாள் முன் ராஜினாமா செய்த ஒருவரை எனக்குத் தெரியும். இன்றும் அதைப் பற்றிப் பேசினால் அவருக்கு முகம் மாறிவிடும்.

எனக்கு முதல் விண்ணப்பத்திலிருந்து புது இடத்தில் உட்காரும்வரை ஐந்து மாதம் ஆனது. கடைசிச் சம்பளக் கணக்கு தீர்ந்து பணம் வர அதற்கு மேலும் ஆனது. மூன்று மாதச் செலவுக்காவது கையில் இருக்கட்டும்.

2. செய்த வேலையைக் கைக்குக் கொண்டுவாருங்கள்

வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். வேலை மாறும் எண்ணமே இல்லாவிட்டாலும் செய்யுங்கள்.

"லிங்க்தான் இருக்கிறதே" என்று தோன்றும். லிங்க்கை நம்ப முடியாது. தி மெசெஞ்சர் என்று ஓர் அமெரிக்கச் செய்தித்தளம் 2023 மே மாதம் பெரிய முதலீட்டோடு தொடங்கியது. 2024 ஜனவரி 31 அன்று மூடினார்கள். தளத்தில் பெயரும் ஒரு மெயில் முகவரியும்தான் மிச்சம். நூற்றுக்கணக்கான பேர் எழுதியதெல்லாம் அன்றே காணாமல் போனது. அதே ஆண்டு ஜூனில் எம்டிவி இசைச் சேனலின் எம்டிவி நியூஸ் தளத்தில் இருந்த பழைய கட்டுரைகளும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டன. இத்தனை பெரிய பெயருக்கே இப்படி என்றால், சிஎம்எஸ் (கட்டுரைகளைப் பதிவேற்றும் மென்பொருள்) மாற்றும்போது பழைய லிங்க் எல்லாவற்றையும் உடைத்துவிடும் சாதாரணத் தளங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எனவே ஒரு ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். தேதி, தலைப்பு, லிங்க், அதில் உங்கள் பங்கு என்ன, என்ன பலன் கிடைத்தது என்று ஐந்து கட்டம் போதும். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். நல்லதாக முப்பது தேறினால் அதிகம். ஒவ்வொன்றுக்கும்:

பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். உங்கள் பெயரும் தேதியும் அதில் தெரிகிறதா பாருங்கள். அப்புறம் இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போய் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். இலவசம், ஒரு நிமிட வேலை. சேமித்த பக்கத்தைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். சந்தா கட்டினால்தான் முழுதாகப் படிக்க முடியும் என்ற கட்டுரை என்றால் முதல் பத்தியோடு நின்றிருக்கும்.

வீடியோவில் வேறு சிக்கல். யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம். 'பிரைவேட்' என்று வைத்தால் நீங்கள் மெயில் முகவரி கொடுத்து அழைத்தவர் மட்டும்தான் பார்க்கலாம். நான் ஷோரீலை (என் நல்ல வேலைகளின் தொகுப்பு வீடியோ) பிரைவேட்டில் வைத்து ஆறு இடத்துக்கு அனுப்பினேன். ஆறு பேரும் பார்த்தது வீடியோ கிடைக்கவில்லை என்ற கறுப்புத் திரையை. ஒரே ஒருவர் மட்டும் "லிங்க் ஓடவில்லையே" என்று பதில் போட்டார். புண்ணியவான். கூகுள் டிரைவிலும் இதே கதைதான், திறப்பவருக்கு அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள், அடுத்த ஆளின் லிங்க்குக்குப் போய்விடுவார்கள். எதை அனுப்பினாலும் முதலில் லாகின் இல்லாத ஒரு பிரவுசரில், முடிந்தால் வேறொருவர் போனில், திறந்து பாருங்கள்.

இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் பார்வையாளர்களுக்கு மறைந்துவிடும். நிறுவனத்தின் கணக்கில் போட்டதென்றால் அதன் ஆர்க்கைவ் உங்களுக்குக் கிடைக்காது. அன்றன்றே ஸ்கிரீன் ரெக்கார்டு செய்துகொள்வதுதான் வழி.

பெயரே இல்லாத வேலைக்கு என்ன செய்வது? டெஸ்க் பெயரில் வந்த செய்தி, அடுத்தவர் குரலில் போன உங்கள் ஸ்கிரிப்ட், தம்ப்நெயில் எல்லாம் இந்த வகை. வேலை முடிந்த சூட்டிலேயே எடிட்டருக்கு ஒரு சாதாரண மெயில் போடுங்கள்: "அந்த வீடியோவுக்கு ஸ்கிரிப்டும் தலைப்பும் நான் செய்தவை, எதையாவது மாற்ற வேண்டுமா?" அவர் "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி பதில் போட்டால் அது உங்களுக்கு ஆதாரம். மெயிலை அப்படியே வெளியே அனுப்பாமல் தேதியையும் விஷயத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. எண்களை எடுப்பதும் எடுக்கக் கூடாததும்

எண்கள் காத்திருப்பதில்லை. தேடலிலிருந்து எத்தனை கிளிக் வந்தது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தையது பார்க்கக் கிடைக்காது. கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இன் இலவசப் பதிப்பில், விரிவாகத் தோண்டிப் பார்க்கும் அறிக்கைகளுக்கான தரவு தானாக விட்டால் 2 மாதம்தான் இருக்கும், மாற்றி வைத்தால் 14 மாதம். அதற்கு முந்தைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-ஓடு எண்ணுவதை நிறுத்தியது. ஒரு வருடம் கழித்துப் பழைய அறிக்கைகளும் மூடப்பட்டன. "2021-இல் என் கட்டுரைதான் தளத்தில் முதலிடம்" என்று இன்று சொன்னால் காட்ட ஒன்றும் கிடைக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் ஷீட்டில் குறித்து வாருங்கள்.

எதைக் குறிப்பது? உங்கள் கைபட்ட வேலையால் எது மாறியது என்பதை. "மாதம் 20 லட்சம் வியூஸ்" என்றால் அது தளத்தின் எண், உங்களுடையது அல்ல. "பழைய 40 கட்டுரைகளைத் திருத்தினேன், அவற்றுக்குத் தேடலிலிருந்து வரும் கிளிக் ஆறு மாதத்தில் 9,000-லிருந்து 15,000 ஆனது" என்றால் அதில் நீங்கள் தெரிகிறீர்கள். வெறும் சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். 300 சதவீத வளர்ச்சி என்பது பத்துப் பேர் நாற்பது பேர் ஆனதாகவும் இருக்கலாம். கேட்கிறவருக்கு அது தெரியும்.

எடுக்கக் கூடாதது: சந்தாதாரர் பட்டியல், விளம்பர வருமானக் கணக்கு, வெளிவராத கட்டுரை, ரா ஃபுட்டேஜ் (எடிட் செய்யாத வீடியோ), எண்களைக் காட்டும் டாஷ்போர்டின் முழுத் தரவு நகல். கடைசி வாரத்தில் ஒரு பெரிய ஃபைலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினால் ஐடி டீமுக்குத் தெரியும், விடுவிப்புக் கடிதம் அதிலேயே சிக்கி நிற்கும். செய்தியாளர் என்றால் உங்களை நம்பிப் பேசியவர்களின் எண்கள் வேறு விஷயம், அவை நிறுவன ஷீட்டில் ஏறியிருக்கவே கூடாது என்பது என் கட்சி.

4. பயோடேட்டாவும் போர்ட்ஃபோலியோவும்

பயோடேட்டா இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். டிசைனர் என்றாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். படமாக மாற்றினால் விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருளுக்கு அது வெறும் காகிதம். நீங்கள் வேலை செய்த சிஎம்எஸ், எடிட்டிங் மென்பொருள், எஸ்இஓ கருவி ஆகியவற்றின் பெயர்களை விளம்பரத்தில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். போர்ட்ஃபோலியோவில் ஆறேழு வேலை போதும், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. இலவசப் பக்கமே தாராளம். சொந்த டொமைன் வாங்கினால் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவு உண்டு. முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து வாங்கிவிட்டு இரண்டாம் வருடம் விழிப்பவர்கள் நிறையப் பேர். மெயில் முகவரி மட்டும் கட்டாயம் சொந்தமாக இருக்கட்டும், லிங்க்ட்இன் கணக்கிலும்தான். அது ஆபீஸ் மெயிலில் இருந்தால் வெளியேறும் நாளில் கணக்கும் போய்விடும்.

5. வாய்ப்பு எங்கே வரும், வலை எங்கே விரியும்

நல்ல வேலைகள் பாதி விளம்பரத்துக்கே வருவதில்லை என்பது என் அனுபவம். முன்பு சேர்ந்து வேலை செய்து வெளியே போனவர்களிடம் சொல்லி வையுங்கள். "ஏதாவது இருந்தால் சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "உங்க இடத்தில் வீடியோ டெஸ்க்கில் ஸ்கிரிப்ட் எழுத ஆள் எடுக்கிறார்களா?" என்று கேட்டால் பதில் வரும். தேடுவது வெளியே தெரிய வேண்டாம் என்றால் லிங்க்ட்இன்னில் உங்கள் படத்தைச் சுற்றி, வேலை தேடுவதாக எல்லோருக்கும் காட்டும் பச்சை வளையத்தைப் போடாதீர்கள். வேலைக்கு ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் காட்டும் தேர்வு இருக்கிறது. அதுவும் முழுப் பாதுகாப்பு என்று லிங்க்ட்இன்னே சொல்வதில்லை.

போலிகளுக்குக் குறைவில்லை. வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று டெலிகிராமில் தொடங்கி, சிறு தொகை கொடுத்து நம்பவைத்து, அப்புறம் "டாஸ்க்" திறக்க உங்களிடம் பணம் கேட்பார்கள். அது மீடியா வேலையே அல்ல. பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம், பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் வேலை தருகிறவர் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெயில் எந்த டொமைனிலிருந்து வந்தது என்று பாருங்கள், அந்த டொமைன் எப்போது பதிவானது என்று ஹூ-இஸ் (டொமைன் பதிவு விவரம்) தேடலில் பாருங்கள். பத்து வருட நிறுவனத்தின் டொமைன் போன மாதம் பிறந்திருந்தால் வேறு ஆதாரம் தேட வேண்டாம்.

6. டெஸ்ட் கொடுப்பார்கள்

எழுத்து என்றால் இரண்டு செய்தி, ஒரு தலைப்புப் பயிற்சி. வீடியோ என்றால் ஒரு நிமிட எடிட். இரண்டு மூன்று மணி நேர வேலை என்றால் நியாயம். "ஒரு வாரத்துக்கு 15 ரீல்ஸ் செய்து காட்டுங்கள்" என்றால் அது டெஸ்ட் இல்லை, இலவச உழைப்பு. எனக்கு ஒரு இடத்தில் ஐந்து கட்டுரை யோசனைகள் கேட்டார்கள், விரிவாகவே எழுதிக் கொடுத்தேன். வேலை வரவில்லை. மூன்று வாரம் கழித்து அதில் இரண்டு வேறு பெயரில் அவர்கள் தளத்தில் வந்தன.

அதன்பிறகு நான் செய்வது: யோசனையைக் கொடுப்பேன், யாரிடம் பேசினால் அந்தக் கட்டுரை தேறும் என்பதைக் கொடுக்க மாட்டேன். வீடியோவில் வாட்டர்மார்க் போட்டுத்தான் அனுப்புவேன். மெயிலில் "இது தேர்வுக்காக மட்டும், வெளியிடுவதாக இருந்தால் தனியாகப் பேசுவோம்" என்று ஒரு வரி இருக்கும். எதிர்த்தரப்பு இதற்குக் கோபப்பட்டால் உங்களுக்கு அலைச்சல் மிச்சம். ஏஐ பயன்படுத்தலாமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சில இடத்தில் பயன்படுத்தினால் நிராகரிப்பார்கள், சில இடத்தில் பயன்படுத்தத் தெரியாவிட்டால் நிராகரிப்பார்கள்.

7. நீங்களும் கேள்வி கேளுங்கள்

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். "இல்லை சார்" என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

வாசகர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். பேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், உறவினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று மாற்றியபோது அதை மட்டும் நம்பியிருந்த தளங்கள் ஆட்டம் கண்டன. ஒரே தளத்திலிருந்து முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள் என்றால் உங்கள் வேலையும் அந்தத் தளத்தின் கையில்தான். வருமானம் எங்கிருந்து என்றும் கேளுங்கள்: விளம்பரமா, சந்தாவா, முதலீட்டாளர் பணமா? வேலையின் தரம் மட்டும் காப்பாற்றாது. 2021-இல் புலிட்சர் என்ற பத்திரிகை விருதைப் பெற்ற பஸ்ஃபீட் நியூஸ் என்ற அமெரிக்கச் செய்தித்தளம், 2023-இல் மூடுவதாக அறிவிக்கப்பட்டது.

அப்புறம் கேட்க வேண்டியவை: இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எங்கே போனார்? ஒரு நாளைக்கு எத்தனை செய்தி? இரவு ஷிப்ட், வார விடுமுறை எப்படி? பைலைன் (எழுதியவர் பெயர்) உண்டா? வழக்கு வந்தால் செலவு யாருடையது? கடைசிக் கேள்விக்கு எதிரில் இருப்பவர் யோசிக்கும் நேரத்தைக் கவனியுங்கள்.

8. ஆஃபர் லெட்டரைப் படியுங்கள்

பெரிய ஆண்டுத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கைக்கு மாதம் எவ்வளவு வரும் என்று உடைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் "செயல்திறன் தொகை" என்று 20 சதவீதம் இருந்தால், இலக்கை யார் வைப்பது, போன ஆண்டு எத்தனை பேர் முழுதாக வாங்கினார்கள் என்று கேளுங்கள். வியூஸை வைத்து இலக்கு என்றால் நான் அதைப் பாதியாகவே எண்ணிக்கொள்வேன்.

நின்று படிக்க வேண்டியவை நான்கு. ஒன்று, புது இடத்தின் நோட்டீஸ் காலம். இரண்டு, சொந்த யூடியூப் சேனல், நியூஸ்லெட்டர், பாட்காஸ்ட் நடத்த அனுமதி. "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று இருந்தால் ஏற்கெனவே நடத்துவதைப் பெயர் சொல்லி விலக்கச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன்னால். மூன்று, "ஆலோசகர்" என்று எடுக்கிறார்களா, ஊழியர் என்றா. ஆலோசகர் என்றால் விடுமுறை, காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு பெரும்பாலும் இருக்காது. அதே சம்பளம் என்று நினைத்து மாறினால் நஷ்டம்.

நான்கு, வேலை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற பிரிவு. இது நாட்டுக்கு நாடு மாறும். கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் செல்லாது. இந்தியாவிலும் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி வேலை விட்ட பின் அது பொதுவாகச் செல்லாது. இரண்டுக்கும் வேர் 1872-ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்பது ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் நியாயமான அளவில் இருந்தால் செல்லும். எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். செல்லாது என்றாலும் மிரட்டல் மெயில் வரும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

போனில் சொன்ன எதுவும் கணக்கில் இல்லை. "வீட்டிலிருந்தே செய்யலாம்", "ஆறு மாதத்தில் சம்பளம் ஏற்றுகிறோம்" என்றெல்லாம் சொன்னால், "நாம் பேசியபடி..." என்று தொடங்கி நீங்களே மெயில் போட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

9. இப்போது ராஜினாமா

கையெழுத்தான ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்த பிறகுதான். எடிட்டரிடம் முதலில் வாயால் சொல்லுங்கள், அன்றே மெயில் போடுங்கள். மெயிலில் மூன்றே விஷயம்: விலகுகிறேன், ஒப்பந்தப்படி கடைசி நாள் இது, ஒப்படைப்புக்கு ஒத்துழைக்கிறேன். குறைகளை அதில் கொட்டாதீர்கள். பெறப்பட்டதாகப் பதில் வாங்குங்கள். நோட்டீஸ் நாள் எண்ணத் தொடங்குவது எப்போது என்ற தகராறு அங்கேதான் கிளம்பும். கடைசி நாளை அவர்களும் எழுத்தில் உறுதி செய்த பிறகு புது இடத்துக்குச் சேரும் தேதி கொடுங்கள். சம்பளம் ஏற்றித் தருகிறோம், இருங்கள் என்பார்கள். பணம் மட்டும்தான் காரணம் என்றால் யோசிக்கலாம்.

10. சாவிகளைக் கழற்றுங்கள்

சேனலின் இரண்டடுக்குப் பாதுகாப்பு என் சொந்த போன் எண்ணில் இருந்தது. நான் விலகி நான்கு மாதம்வரை இரவு பத்து மணிக்கு "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்களேன்" என்று அழைப்பு வரும். எதிர்முனையில் இருக்கும் பிள்ளையும் பாவம், நான் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருநாள் கணக்கு முடங்கியது, உடனே சந்தேகம் என்மேல்.

ஆகவே நோட்டீஸ் காலத்தின் முதல் வாரத்திலேயே பட்டியல் போடுங்கள்: உங்கள் எண்ணிலோ மெயிலிலோ இருக்கும் ஒவ்வொரு கணக்கும். பிராண்ட் கணக்கில் (பலர் சேர்ந்து நிர்வகிக்கும் கூகுள் கணக்கு) உள்ள யூடியூப் சேனலுக்கு நீங்கள் முதன்மை உரிமையாளர் என்றால், இன்னொருவரை உரிமையாளராகச் சேர்த்து 7 நாள் ஆன பிறகுதான் அவரை முதன்மை ஆக்க முடியும். கடைசி நாளில் உட்கார்ந்தால் நடக்காது. பேஸ்புக் பக்கத்தில் உங்கள் சொந்தக் கணக்கு நிர்வாகியாக இருக்கும், மற்றொருவர் வந்ததை உறுதி செய்துவிட்டு விலகுங்கள். டொமைனோ மென்பொருள் சந்தாவோ உங்கள் கார்டில் ஓடினால் மாற்றுங்கள், செலவழித்ததற்கு ரசீது கொடுத்து வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பின் பிரவுசரில் சேமித்த சொந்தக் கடவுச்சொற்களை அழித்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் பட்டியலை மெயிலில் அனுப்பி "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

11. காகிதங்கள்

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: அப்பாயின்ட்மென்ட் லெட்டர், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வரி பிடித்ததற்கான சான்று, ராஜினாமா ஏற்புக் கடிதம். சம்பளச் சீட்டுகள் நிறுவனப் போர்ட்டலில்தான் இருக்கும், அதுவும் மூடிவிடும், இறக்கிவிடுங்கள். கிளம்பிய பின் வருபவை விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கணக்குத் தீர்வு. அனுபவச் சான்றில் பதவிப் பெயரும் இரண்டு தேதிகளும் ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போகின்றனவா பாருங்கள். என் சான்றில் 'சீனியர்' விடுபட்டிருந்தது. புது இடத்தின் சரிபார்ப்பில் அது பயோடேட்டாவில் பொய் சொன்னதுபோல் நின்றது. திருத்தி வாங்க ஐந்து வாரம். அதுவரை பதவி உயர்வுக் கடிதத்தின் நகல்தான் என்னைக் காப்பாற்றியது.

விடுவிப்புக் கடிதம் தாமதமானால் வாரம் ஒரு மெயில், பழைய மெயில் தொடரிலேயே போடுங்கள். ராஜினாமா ஏற்பும் கடைசிச் சம்பளச் சீட்டும் இருந்தால் பல நிறுவனங்கள் அதுவரை பொறுத்துக்கொள்ளும், ஆனால் சேரும் நாளுக்கு முன்பே புது எச்ஆரிடம் சொல்லிவிடுங்கள். கணக்குத் தீர்வுச் சீட்டு வந்ததும் விடுமுறைப் பணம், போனஸ், நோட்டீஸ் பிடித்தம் மூன்றையும் முதல் படியில் நீங்கள் போட்ட கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். "எனக்கு வேறு பாக்கி இல்லை" என்ற கடிதத்தில் பணம் வங்கிக்கு வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.